மடியில் கனம்

சித்திரையில் முதல் கோடை மழை அடித்து ஓய்ந்ததும் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் ஊரில் பெரியவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நண்டும் சிண்டுமாக நாங்கள் நாலைந்து பேர் தரையைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். காங்கயத்திலிருந்து திருப்பூர் போகும் ரோட்டில் சிவன்மலையைத் தாண்டி, படியூர் வருவதற்குள் ஓர் இட்டேறி உள்ளே இறங்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், தடத்தின் நடுமுதுகில் புல். அதிலேயே நடந்து போனால், நாய் குரைக்கிற முதல் சாளை அம்மாவின் அப்பாவான எங்கள் அப்புச்சியுடையது. முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே என்னை அங்கே அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அந்தக் கொறங்காடு முழுக்க என் ராஜ்ஜியம்.

கொறங்காடு என்றால் என்ன என்று காங்கயம் பக்கத்துக்காரர்களிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன். உழவு ஓட்டாமல் மாட்டுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் காடு அது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு அங்கங்கே வெள்வேலா மரம். புல் காய்ந்துபோன கோடையில் பார்த்தால் மண்ணைவிடக் கல்தான் அதிகம் தெரியும். ஒறம்பரை வந்தவர்கள் எல்லாம் "என்னுங்க இது, வெறுங் கல்லாக் கெடக்குது" என்று அங்கலாய்ப்பார்கள். அப்புச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கல்லு இருக்கறதுனாலதானுங்க மாட்டுக் கொளம்பு கெட்டியா இருக்குது" என்று ஒரே பதிலில் முடித்துவிடுவார்.

மழை விட்ட மறுநாள் வெடியால கதவைத் திறந்தால் ஈர மண்ணும், நனைந்த சாணியும், வெள்வேலாங்காய் தின்ற வெள்ளாட்டுப் புழுக்கையும் கலந்து ஒரு வாசம் ஆசாரம் வரைக்கும் வந்து நிற்கும். காங்கயத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் கொப்பரைக் களங்களின் எண்ணெய் வாசமும் சேர்ந்துகொள்ளும். பொடக்காளியில் அமுச்சி சீமாறால் மழைத்தண்ணியைத் தள்ளுகிற சரக் சரக், தொண்டுப்பட்டியில் செவலைப் பசுவின் கழுத்துமணி, அதற்கு நடுவே "பழைய சோத்தக் குடிச்சுப்போட்டுப் போ அம்மிணி" என்று அவள் போடுகிற சத்தம். சோறு இறங்குமா? ராத்திரி மழை செம்மண்ணைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோயிருக்கும். முந்தின நாள் வரைக்கும் புழுதிக்குள் கிடந்த கல்லெல்லாம் குளித்துவிட்டு மேலே வந்து உட்கார்ந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் முந்திக்கொள்வதற்குள் போக வேண்டாமா?

எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தவர் ஆட்டுக்காரத் தாத்தா. கம்பளியை முக்காடிட்டுக்கொண்டு, தொரட்டுக் கோலில் சாய்ந்து, ஒற்றைக் காலில் நின்றபடியே அரை நாள் கழிக்கிற மனிதர். "பொழுதுக்கு முதுகு காட்டி நடந்தா ஒண்ணுங் கெடைக்காது அம்மிணி. பொழுதப் பாத்து நட. கல்லு தானாக் கண்ணு தொறக்கும்" என்பார். காலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் வெயில் தாழ விழும்போது அதை எதிர்கொண்டு நடந்தால், ஒளி ஊடுருவுகிற கல் மட்டும் உள்ளிருந்து மினுங்கும். மற்றதெல்லாம் நிழலாகக் கிடக்கும். வைரமோ கூழாங்கல்லோ, தரையில் கல் தேடுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இதுதான் பாடம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். உச்சி வெயிலில் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

பாவாடைக்கு ஜேப்பு வைக்கத் தெரியாத தையல்காரர்கள் காலம் அது. அதனால் கல்லெல்லாம் மடியில்தான். பாவாடை நுனியைத் தூக்கி இடுப்பில் செருகி, பொறுக்கியதை எல்லாம் அதற்குள் போட்டு, ஒரு கையால் தாங்கிக்கொண்டு நடப்பேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, எனக்கு வழியில் பயமில்லை. வீட்டு வாசலில்தான் பயம். அமுச்சி திண்ணையில் இருந்தே பாவாடையின் தொங்கலைப் பார்த்துக் கனத்தை எடைபோட்டுவிடுவாள். "நேத்துத் தொவச்ச பாவாடை" என்று தொடங்குவாள். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. முடியும் வரை நான் நின்றதே இல்லை.

என்னென்ன கிடைக்கும் என்கிறீர்களா? முதலில் வெங்கச்சாங்கல். பால் வெள்ளையாக, காடு முழுக்க இறைந்து கிடக்கும். அடுத்தது காக்காப்பொன். நகத்தை இடுக்கில் விட்டு நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். ஓர் ஏட்டைப் பிரித்தால் அதற்குள் இன்னோர் ஏடு, அதற்குள் இன்னொன்று. எத்தனை பிரித்தாலும் இன்னும் ஒன்று பாக்கி இருக்கும் என்கிற அந்த எண்ணமே ஒரு மத்தியான நேரத்தைத் தின்றுவிடும். பழுதான இஸ்திரிப்பெட்டியைச் சின்ன மாமா பிரித்தபோது, உள்ளே கம்பி சுற்றியிருந்த தகடும் இதே காக்காப்பொன் என்று பார்த்து, எங்கள் காட்டுச் சரக்கு கம்பெனி வரைக்கும் போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. பாறையில் சின்னச் சின்னதாகப் பதிந்திருக்கும் சிவப்புக் கல்லுக்கு நாங்கள் வைத்த பெயர் மாதுளங்கல். திருப்பினால் உள்ளே ஒரு வெண்ணிற ஒளி நகர்ந்து போகும் கல்லுக்கு நிலாக்கல். எங்களுக்குள் ஒரு விலைப்பட்டியலும் இருந்தது. உள்ளங்கை அகலக் காக்காப்பொன் ஒன்றுக்கு மாதுளங்கல் இரண்டு. நிலாக்கல்லுக்கு ஒரு கை நிறையப் புளியங்கொட்டையும், அதற்கு மேல் ஒரு முறை சைக்கிளில் உட்கார வைத்து ஓட்டுவதும். விலையை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் யாரைக் கேட்க வேண்டும்?

ஒரு கல்லை எடுத்ததும் முதல் வேலை, நக்கிப் பார்ப்பது. முகம் சுளிக்காதீர்கள். காய்ந்த கல் எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். மேலே உள்ள நுண்ணிய சொரசொரப்பில் பட்டு வெளிச்சம் சிதறிப் போவதால் அப்படி. ஈரம் பட்டால் அந்தப் பள்ளங்கள் நிரம்பி, வெளிச்சம் உள்ளே இறங்கி, கல்லின் சொந்த நிறம் எழுந்து வரும். தண்ணீருக்கு எங்கே போவது? நாக்குதான் பக்கத்தில் இருக்கிறது. வெங்கச்சாங்கல்லுக்கு ருசி கிடையாது, சில்லென்று இருக்கும். சுக்காங்கல் நாக்கில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். இதைப் பார்த்துவிட்டு அமுச்சி, "ஊட்டுல சோறா இல்ல? கல்ல நக்கறாளே என்ற பேத்தி" என்று கன்னத்தில் கைவைத்துக்கொள்வாள். பின்னாளில் கல்லூரியில் நிலவியல் படிக்கிற ஒரு பெண்ணைச் சந்தித்தேன். களத்துக்குப் போனால் அவர்கள் பேராசிரியரும் கல்லை நக்கித்தான் பார்ப்பாராம்! அமுச்சிக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லியிருந்தால் அந்தப் பேராசிரியரின் அம்மாவைத்தான் விசாரித்திருப்பாள்.

ஆனால் நல்ல சரக்கு கொறங்காட்டில் இல்லை, கிணற்று மேட்டில்தான் இருந்தது. எங்கள் பக்கம் கிணறு என்றால் பாறையை வெடி வைத்து உடைத்துக்கொண்டே போவது. வெடித்த கல்லைக் கூடையில் மேலே ஏற்றிக் கரையில் கொட்டக் கொட்ட, ஒவ்வொரு தோட்டத்திலும் கிணற்றை ஒட்டி ஒரு குட்டி மலை எழும்பும். மருந்து நெடி போகாத புதுக் கல்; அதுவரைக்கும் பொழுது வெளிச்சம் கண்டிராத கல். இன்று அந்த மேடுகள் இல்லை. போர் போடுகிற வண்டி பாறையை மாவாக்கி வெளியே ஊதிவிடுகிறது. ஆயிரம் அடி ஓட்டினாலும் பொறுக்க ஒரு துண்டு மிஞ்சாது. தண்ணீருக்கு அழுகிறவர்கள் நடுவில் இதற்கு ஒருத்தி அழுதால் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்வதில்லை.

அப்படியொரு கிணற்று மேட்டில்தான் அந்தப் பச்சைக்கல் கிடைத்தது. வெங்கச்சாங்கல் பாளம் ஒன்று பிளந்து கிடந்தது. அதன் ஓரத்தில், காக்காப்பொன் ஏடுகளுக்கு நடுவே, என் சுண்டுவிரல் கனத்தில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. ஆறு பட்டைப் பென்சில் ஒன்றை ஒடித்துச் செருகிவைத்த மாதிரி. தொட்டு எண்ணினேன். ஆறு முகம்தான். யாரும் செதுக்காமல் எப்படி ஆறு? நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடின. மேல்பகுதி கலங்கியிருந்தது, உள்ளே பூஞ்சணம் பூத்த விரிசல்கள். முனையில் மட்டும் அரை விரற்கடை அளவுக்குத் தெளிவு. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம் கண்ணுக்குள் இறங்கியது. அதுவரைக்கும் நான் கடலைப் பார்த்ததில்லை. அதனால் அதற்கு ஒப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. "அப்புச்சீ" என்று கத்திக்கொண்டு ஓடத்தான் தெரிந்தது.

அப்புச்சி கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். கல்லை வாங்கி, வேட்டி நுனியில் துடைத்து, ஓட்டு இடுக்கு வழியாக விழுந்த வெயில் கீற்றில் நீட்டிப் பார்த்தார். "இது படியூருக் கல்லு கண்ணு. வெள்ளக்காரன் ஒருத்தன் இதுக்குன்னே வந்து தோண்டுனான்னு எங்கப்பாரு சொல்லுவாரு" என்றார். தாத்தாக்கள் சொல்கிற கதை என்றுதான் நினைத்தேன். கதை இல்லை. 1819, 1820 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் இந்தக் கல்லுக்காகச் சுரங்கம் போட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்திருக்கிறார். பெரில் என்கிற கனிமத்தின் நீலப்பச்சை வகை. நகைக்கடையில் அக்குவாமரீன் என்பார்கள். பூமிக்கடியில் பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது, நீரும் அபூர்வமான தனிமங்களும் செறிந்த கடைசிக் குழம்பு மட்டும் விரிசல்களில் ஏறி, அங்கே இருக்கிற இடத்துக்குத் தக்கபடி பெரிய படிகங்களாக வளர்கிறது. அணுக்கள் அடுக்கிக்கொள்ளும் முறையே ஆறு பக்கம் என்பதால் கல்லுக்கும் ஆறு பக்கம். நிறத்தைக் கொடுத்தது துளி இரும்பு. அந்த இரும்பு இல்லையென்றால் நான் ஓடியிருக்க மாட்டேன்.

பச்சைக்கல்லின் கதை ஹீத்தோடு தொடங்கியதும் இல்லை. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் உட்கார்ந்து எழுதிய பிளினி, இந்தக் கல் இந்தியாவுக்கு வெளியே அரிதாகத்தான் கிடைக்கிறது என்று குறித்துவைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில், தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985-ல் தோண்டத் தொடங்கியபோது மணிகள் செய்த பட்டறைகளின் தடமே வெளிப்பட்டது. முழுதாகத் தீட்டிய மணி, துளை போட்டது, துளை போடும்போது உடைந்தது, தொடாத மூலக்கல் என எல்லாப் பருவத்திலும் கிடைத்தன. பச்சைக்கல்லும் படிகமும் நீலமும் பக்கத்துக் காடுகளில் எடுத்தவை. லாபிஸ் லசூலி என்கிற நீல நிறக் கல் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தது. பதிற்றுப்பத்து பேசுகிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். நான் அங்கே போனபோது எனக்கு ஆச்சரியம் தந்தது உடைந்த மணிதான். துளை போட்டுக்கொண்டிருந்தவர் கடைசி நொடியில் "ச்சே" என்று எதையாவது சொல்லியிருப்பார் அல்லவா? தொல்லியல் இடமாயிற்றே, ஒரு சில்லைக்கூட எடுத்து மடியில் போட்டுக்கொள்ளக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நடப்பது எனக்கு அன்று பெரும்பாடாக இருந்தது.

வருஷத்துக்கு ஓரிரு முறை கல் வாங்குகிறவர் வருவார். சைக்கிள், தோல்பை, கக்கத்தில் குடை. எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "பாப்பா கடையத் தொறக்கலாமா?" என்பார். நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டிருந்த கற்களை வட்டலில் கொட்டுவேன். மினுமினுப்பானவற்றை முன்வரிசையில் வைப்பேன். ஒரு முறை அவர் அதையெல்லாம் விரலால் ஒதுக்கிவிட்டு, பின்னால் கிடந்த ஒரு மொக்கைக் கல்லை எடுத்து உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். அழுக்குச் சிவப்பில், நடுவில் பருத்து, எதற்கும் ஆகாத உருவம். எண்ணிக்கைக்காக நான் சேர்த்த கல். அதற்கு ஐந்து ரூபாய் கொடுத்தார். அவர் இட்டேறியில் மறைகிற வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்து, பிறகு நானும் மாமன் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவ்வளவு பெரிய மனுசனுக்குக் கல் பார்க்கத் தெரியவில்லையே! அந்தக் காசில் காங்கயம் சந்தையில் மிச்சரும் ரிப்பனும் வாங்கினோம். அவர் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தது கனத்தை என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த மொக்கைக் கல் குருந்தக்கல். ஒரே அளவுள்ள வெங்கச்சாங்கல்லைவிடக் குருந்தக்கல் ஒன்றரை மடங்கு எடை இருக்கும். குருந்தக்கல் நன்றாகச் சிவந்து தெளிந்தால் அதுதான் மாணிக்கம், நீலம் ஏறினால் நீலக்கல். என் கல் மாணிக்கமாக இருந்திருக்காது. இருந்தால்தான் என்ன, அந்த மிச்சரின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

வெங்கச்சாங்கல்லை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஆனால் எங்கள் பட்டியலில் அதற்குத்தான் ராத்திரி ராஜ்ஜியம். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் சின்ன மாமா லாந்தரை அணைத்துவிட்டு, எங்களை ஒரே போர்வைக்குள் இழுத்து, முட்டை அளவுக் கல் இரண்டை எடுத்து அழுத்தித் தேய்த்தார். கல்லுக்குள் மஞ்சள் கலந்த ஒரு வெளிச்சம் எழுந்து, அடங்கி, எழுந்தது. தீப்பொறி இல்லை, கல்லே உள்ளே எரிந்தது. கூடவே மயிர் கருகுகிற மாதிரி ஒரு நெடி. "தண்ணிக்குள்ள தேச்சாலும் எரியும்" என்றார். நம்பாமல் பொடக்காளிக்கு ஓடி, இருட்டில் பக்கெட்டுக்குள் கைவிட்டுத் தேய்த்தோம். எரிந்தது! உராயும்போது படிகம் நுணுக்கமாக ஒடிகிற இடங்களில் மின்னேற்றம் பிரிந்து திரும்பச் சேர்வதால் வருகிற வெளிச்சம் அது; நெருப்பு இல்லாததால் தண்ணீரும் தடையில்லை. நீங்களும் இன்று ராத்திரி செய்து பார்க்கலாம். இரண்டு வெள்ளைக்கல்லும் நல்ல இருட்டும் போதும்.

சிவன்மலைக்கு மாசப் பிறப்பன்று கூட்டிப்போவாள் அமுச்சி. அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று உண்டு. பக்தர் யாருடைய கனவிலாவது சுப்பிரமணியர் வந்து ஒரு பொருளைக் கேட்பார். அந்தப் பக்தர் கோயிலில் வந்து சொன்னால், பூப் போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்த பிறகு, அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசை செய்வார்கள். மண், தண்ணீர், சைக்கிள் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒரு கல்லைக் கேட்கக் கூடாதா? தூங்குவதற்கு முன் பச்சைக்கல்லைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "என்ற கனவுல வா, கல்லக் கேளு" என்று வேண்டிக்கொள்வேன். கனவில் பெரும்பாலும் எங்கள் கணக்கு வாத்தியார்தான் வந்தார். ஆண்டவர் கல் கேட்காததற்குக் காரணம் பெரியவளான பிறகு புரிந்தது: அவர் உட்கார்ந்திருப்பதே கல் குவியல் மேல். அந்த மலையில் குருந்தக்கல் கலந்த அபூர்வமான பாறை இருக்கிறதென்று தாமஸ் ஹாலந்து என்பவர் 1901-ல் எழுதிய ஆய்வு, இன்றும் நிலவியல்காரர்கள் புரட்டுகிற ஒன்று. மலையையே வைத்திருப்பவர் என் மடிக் கல்லுக்கா வருவார்?

குருந்தக்கல்லின் வீரியம் எங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருந்தது. எந்தக் கல் எதைக் கீறும் என்று பந்தயம் கட்டுவோம். நகம், செப்புக்காசு, அரிவாள்மணை, உடைந்த பாட்டில் என்று படிப்படியாகப் போகும். மோஸ் என்கிற ஜெர்மானியர் 1812-ல் இதே முறையில்தான் கனிமங்களைப் பத்துப் படியாக அடுக்கினார். அந்த அடுக்கில் கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம், வெங்கச்சாங்கல் ஏழு, குருந்தக்கல் ஒன்பது, அதற்கு மேல் வைரம் மட்டும். மோஸை நாங்கள் எங்கே கண்டோம்? பாட்டில் துண்டுகள் தீர்ந்துபோன ஒரு மத்தியானம், ஆசாரத்தில் அமுச்சி சீராகக் கொண்டுவந்த ஆளுயரக் கண்ணாடி சும்மா நிற்பது என் கண்ணில் பட்டது. கல் வாங்குகிறவர் வேண்டாமென்று விட்டுப்போன சாம்பல் நிறக் குருந்தக்கல் கையில் இருந்தது. ஒரே இழுப்பு. கிரீச்சென்று பல் கூசுகிற சத்தத்தோடு கோடு விழுந்தது, என் நெற்றி உயரத்துக்கு.

சத்தம் கேட்டு வந்தவர் நல்லவேளையாக அப்புச்சி. கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் கோட்டை அழித்துப் பார்த்தார். போகவில்லை. "எந்தக் கல்லு அம்மிணி இது?" என்றார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, என் கோட்டுக்குக் கீழே, நிதானமாக, தன் கையால் இன்னொரு கோடு இழுத்தார்.

அன்றைக்கு அமுச்சியிடம் நாங்கள் இரண்டு பேரும் வாங்கியது கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கண்ணாடி இப்போது சின்ன மாமா வீட்டு நடையில் நிற்கிறது. ஒறம்பரை யாராவது தலை சீவும்போது கோட்டைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டால், அத்தை அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்வாள்: "மேல கீறுனது பேத்திங்க, கீழ கீறுனது எங்க மாமனாருங்க."